பூட்டு சுவிட்ச் வைத்த பென்டிரைவை நாமே செய்வது: சிப், ஃபர்ம்வேர், போர்டு பற்றிக் கருத்து தேவை

மாடக்குளம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கப் பென்டிரைவைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். இங்கே பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். அப்பாவின் ஓய்வூதியத் தாள்கள், தங்கையின் விண்ணப்பங்கள் எல்லாம் எங்கள் வீட்டில் அந்த வழியாகத்தான் போய் வருகின்றன. அதனால் ஒரு டிரைவை நானே செய்யலாம் என்று இருக்கிறேன். பக்கவாட்டில் ஒரு சின்ன சுவிட்ச். அதைப் பூட்டினால் எந்தக் கம்ப்யூட்டராலும் ஒரு பைட் கூட எழுத முடியக் கூடாது, படிக்க மட்டும் முடிய வேண்டும்.

யோசித்து வைத்திருப்பது இவ்வளவு: கட்டுப்பாட்டுக்கு ஆர்பி2040 என்ற மைக்ரோகண்ட்ரோலர் (சிறு கம்ப்யூட்டர் சிப்). சேமிப்புக்கு வின்பாண்டின் டபிள்யூ25என்01, அதாவது 1 கிகாபிட் எஸ்பிஐ நாண்ட் (மின்சாரம் போனாலும் தகவலை வைத்திருக்கும், எஸ்பிஐ என்ற சில கம்பி இணைப்பில் பேசும் ஃபிளாஷ் சிப்), 128 எம்பி. யூஎஸ்பி பக்கத்துக்கு டைனியூஎஸ்பி லைப்ரரி. கடைக் கம்ப்யூட்டர்களில் இன்னும் டைப் ஏ துளைதான் இருக்கிறது, அதனால் டைப் ஏ பிளக்.

இந்தச் சிப்கள் சரிதானா? சுவிட்சை ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் நிரல்) படித்து முடிவெடுப்பது நம்பகமானதா? போர்டு போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஈயப்புகை எழுதியது:

தம்பி, நோக்கம் நல்லது. சிப் தேர்வில் குறை இல்லை, வேகத்தை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். ஆர்பி2040இல் இருப்பது ஃபுல் ஸ்பீடு யூஎஸ்பி, 12 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 12 மெகாபிட்). ஒரு பல்க் பாக்கெட் 64 பைட். ஒரு மில்லிசெகண்ட் ஃபிரேமில் அதிகபட்சம் 19 பாக்கெட் போகும். பெருக்கினால் மில்லிசெகண்டுக்கு 1,216 பைட், அதாவது விநாடிக்கு 1.2 எம்பி. இது ஏட்டுக் கணக்கு, கையில் கிடைப்பது 1 எம்பிக்குள்தான் இருக்கும். பிடிஎஃப் பிரிண்ட் எடுக்க அது தாராளம். சினிமா ஏற்றிக்கொண்டு போக ஆகாது.

ஆனால் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றுதான் இந்த வேலையின் முக்கால் பாகம். நாண்டில் எப்படி எழுதப் போகிறீர்கள்?

மாடக்குளம் எழுதியது:

நன்றி அண்ணா. டபிள்யூ25என்01இல் ஒரு பிளாக் 128 கேபி. ஆர்பி2040இல் 264 கேபி ராம் இருக்கிறது. ஹோஸ்ட், அதாவது டிரைவைச் செருகிய கம்ப்யூட்டர், ஒரு செக்டாரை (512 பைட் துண்டு) மாற்றச் சொன்னால் அந்த பிளாக் முழுவதையும் ராமுக்கு எடுத்து, 512 பைட்டை மாற்றி, பிளாக்கை அழித்து, திரும்ப எழுதிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். ராம் போதும்தானே?

ஈயப்புகை எழுதியது:

ராம் போதும். ஆனால் அந்த வழியில் போக வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இது பிடிபட்டால் பென்டிரைவ் என்ற பொருளே பிடிபட்டுவிடும்.

விண்டோஸ், லினக்ஸ் எதுவானாலும் பென்டிரைவை ஒரு பழைய ஹார்ட்டிஸ்க்காகத்தான் பார்க்கிறது. 0 முதல் இத்தனையாவது வரை 512 பைட் செக்டார்கள், எதை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் மேலெழுதலாம் என்பது அதன் எண்ணம். நாண்டின் கதை வேறு. எழுதுவது பக்கம் பக்கமாக, உங்கள் சிப்பில் 2,048 பைட். அழிப்பது பிளாக் பிளாக்காக, 64 பக்கங்கள் சேர்த்து. சிலேட்டில் ஒரு எழுத்தை மட்டும் விரலால் அழிக்கிற வசதி இங்கே கிடையாது, துடைத்தால் முழுச் சிலேட்டையும் துடைத்தாக வேண்டும்.

இப்போது உங்கள் வழியின் நேரத்தைப் பாருங்கள். பிளாக்கை அழிக்க வழக்கமாக 2 மில்லிசெகண்ட். பக்கத்தை எழுத 0.25 மில்லிசெகண்ட், 64 பக்கத்துக்கு 16. எஸ்பிஐயை 32 மெகாஹெர்ட்ஸில் ஒற்றைத் தடத்தில் ஓட்டினால் ஒரு பக்கத்தை அனுப்பவே அரை மில்லிசெகண்ட், 64 பக்கத்துக்கு 33. மொத்தம் 50 மில்லிசெகண்டை ஒட்டி வருகிறது. அந்த நேரத்தில் உங்கள் 128 கேபி முழுவதும் ராமில் மட்டுமே இருக்கும்.

அந்த நேரத்தில் யாராவது பிடுங்கினால்? டைப் ஏ பிளக்கை உற்றுப் பாருங்கள். ஓரத்தில் இருக்கும் மின்சாரத் தகடுகள் இரண்டும், நடுவில் இருக்கும் டேட்டா தகடுகளைவிட ஏறத்தாழ 1 மி.மீ. நீளம். செருகும்போது மின்சாரம் முதலில் சேரும், பிடுங்கும்போது கடைசியில் விடும். விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் இழுக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் அந்த 1 மி.மீ. நமக்குத் தருவது 2 மில்லிசெகண்ட். அதற்குள் ஒரு பக்கத்தை எழுதி முடிக்கலாம். 50 மில்லிசெகண்ட் வேலையை முடிக்க முடியாது. போவது எது? பெரும்பாலும் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறிக்கும் ஃபாட் அட்டவணை இருக்கும் பிளாக்தான், ஏனென்றால் ஒவ்வொரு கோப்பை எழுதும்போதும் மாறிக்கொண்டே இருப்பது அதுதான். அது போனால் டிரைவே காலி என்று காட்டும்.

தேய்மானமும் அங்கேதான். இந்தச் சிப்பின் டேட்டாஷீட் 1,00,000 முறை அழித்து எழுதலாம் என்கிறது. கேட்கப் பெரிய எண். ஆனால் ஃபாட் இருக்கும் ஒரே பிளாக்கைத் திரும்பத் திரும்ப அடித்தால் மற்ற ஆயிரம் பிளாக் புதிதாக இருக்க, அது ஒன்று மட்டும் செத்துவிடும்.

எனவே பழைய இடத்தில் கை வைக்கக் கூடாது. மாறிய பக்கத்தை எப்போதும் அழித்துத் தயாராக இருக்கும் புது இடத்தில் எழுதுங்கள். எழுதி முடித்த பிறகுதான் 'இந்தச் செக்டார் இனி இங்கே' என்று வரைபடத்தை மாற்றுங்கள். நடுவில் மின்சாரம் போனால் பழையது அப்படியே இருக்கும். கடையில் வாங்கும் பென்டிரைவின் கண்ட்ரோலரும் உள்ளே இதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. எஃப்டிஎல் என்பார்கள், ஃபிளாஷ் டிரான்ஸ்லேஷன் லேயர்.

கோண்டாவில் எழுதியது:

ஈயப்புகை அண்ணை சொன்னதோட இன்னும் கொஞ்சம் சேர்க்கிறன். எஃப்டிஎல்லை அடியில இருந்து எழுத வேண்டிய தேவை இல்லை. டேனியல் பியர் எழுதின தாரா எண்ட திறந்த மூல லைப்ரரி இருக்கு, சின்ன மைக்ரோகண்ட்ரோலருக்கெண்டே செய்தது. நீங்கள் ஏழு ஃபங்ஷன் மட்டும் எழுதிக் குடுத்தால் போதும்: பிளாக் கெட்டதோ எண்டு பார்க்கிறது, கெட்டதெண்டு குறிக்கிறது, அழிக்கிறது, எழுதுறது, பக்கம் வெறுமையோ எண்டு பார்க்கிறது, வாசிக்கிறது, நகல் எடுக்கிறது.

இதில கெட்ட பிளாக் விசயத்தைக் கட்டாயம் முதல் நாளே செய்யுங்கோ. நாண்ட் சிப் தொழிற்சாலையில இருந்து வரேக்கையே சில பிளாக் கெட்டுத்தான் வரும், அது குறைபாடு இல்லை. இந்தச் சிப்பில 1,024 பிளாக்கில குறைஞ்சது 1,004 நல்லதெண்டுதான் உத்தரவாதம். கெட்டதுகளில ஒரு அடையாளம் போட்டு அனுப்புவினம். சோதிச்சுப் பார்ப்பம் எண்டு சிப் முழுக்க அழிச்சால் அந்த அடையாளமும் சேர்ந்து அழிஞ்சு போகலாம், பிறகு எது கெட்டதெண்டு தெரியாது. போர்டில ஒட்டின உடன முதல் வேலையா அடையாளங்களை வாசிச்சு எழுதி வையுங்கோ.

தாராவில சிங்க் எண்டு ஒண்டு இருக்கு, அதுவரை எழுதினதை நிலையாப் பதியிறது. கடைசியாச் சிங்க் பண்ணின நிலைக்குத்தான் மின்சாரம் போய் வந்தபிறகு திரும்பும். ஹோஸ்ட் 'சிங்க்ரனைஸ் கேச்' கட்டளை அனுப்பும் எண்டு நம்பிக்கொண்டிருக்க வேண்டாம், எல்லா ஹோஸ்டும் எல்லா நேரமும் அனுப்பாது. ஒரு 50 மில்லிசெகண்ட் எழுத்து வராமல் இருந்தாலே சிங்க் பண்ணி விடுங்கோ. இஜெக்ட் அமத்தேக்க வாற 'ஸ்டார்ட் ஸ்டாப் யூனிட்' கட்டளைக்கும் அப்பிடியே. சிங்க் முடிஞ்ச உடன எல்இடியை நிப்பாட்டினால் பாவிக்கிற ஆளுக்கும் கழட்டலாம் எண்டு தெரியும்.

128 எம்பியையும் ஹோஸ்டுக்குக் காட்ட வேண்டாம். 100 எம்பி எண்டு சொல்லுங்கோ. மிச்ச இடம் கெட்ட பிளாக்குக்கும் குப்பை கூட்டுறதுக்கும் (பழசாப்போன பக்கங்களை அழிச்சு இடம் எடுக்கிறது) வேணும். இடம் நெருக்கமானால் குப்பை கூட்டுறதிலேயே நேரம் போய், எழுதுற வேகம் விழுந்திடும்.

மாடக்குளம் எழுதியது:

கோண்டாவில் அண்ணா, ஈயப்புகை அண்ணா, இருவருக்கும் நன்றி. தாராவை எடுத்துக்கொள்கிறேன். ஹோஸ்டுக்கு 512 பைட் செக்டார் என்றே சொல்லி, ஃபார்மேட் செய்யும்போது 4 கேபி கிளஸ்டர் (கோப்புக்கு இடம் ஒதுக்கும் அலகு) வைத்தால் இரண்டு நாண்ட் பக்கத்துக்குச் சரியாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். 2,048 பைட் செக்டார் என்று அறிவித்தால் கடை விண்டோஸ் எப்படி எடுத்துக்கொள்ளுமோ என்ற தயக்கம் இருக்கிறது.

கோண்டாவில் எழுதியது:

ஓம், 512 தான் பாதுகாப்பு. பார்ட்டிஷன் தொடங்குற இடத்தையும் 4 கேபி எல்லையில வையுங்கோ. ஃபாட்டில டேட்டாப் பகுதி தொடங்குற இடமும் அதே எல்லையில விழுதோ எண்டு பாருங்கோ, இல்லாட்டில் ஒவ்வொரு கிளஸ்டரும் மூண்டு பக்கத்தில கால் வைக்கும்.

பழைய சிப் எழுதியது:

நான் டேட்டா மீட்பு வேலை செய்கிறவன். ஃபர்ம்வேர் பற்றி இங்கே சொல்லிவிட்டார்கள். என் மேசைக்கு வருபவற்றில் பாதிக்கு மேல் ஃபர்ம்வேர் பிரச்சினையே இல்லை. லேப்டாப்பில் செருகியிருக்கும்போது முழங்கை இடித்து பிளக் வளைந்திருக்கும். டேட்டா தகடு சால்டரிலிருந்து விட்டிருக்கும், இல்லை போர்டின் தாமிரத் தடத்தையே உரித்துக்கொண்டு வந்திருக்கும். அடுத்தது சிப்புக்கு நேரத்துடிப்பு தரும் கிரிஸ்டல். கீழே விழுந்தால் உள்ளே விரிசல் விடும், வெளியே ஒன்றும் தெரியாது.

அதனால் பிளக் வாங்கும்போது போர்டைத் துளைத்துக்கொண்டு போகும் உலோகக் கால்கள் இருக்கிறதா என்று பாருங்கள். மேற்பரப்பில் மட்டும் ஒட்டும் வகை வேண்டாம். இழுவிசையைக் கால்கள் வாங்க வேண்டும், நான்கு சிறு சால்டர் புள்ளிகள் அல்ல.

இன்னொன்று. பழைய டிரைவ்களில் நாண்ட் தனியாக, 48 கால் வைத்த சிப்பாக இருக்கும். கண்ட்ரோலர் செத்தாலும் அதைக் கழற்றி ரீடரில் வைத்துப் படித்துவிடலாம். இன்று விற்கும் சிறு டிரைவ்கள் பலவற்றில் கண்ட்ரோலரும் நாண்டும் ஒரே கருப்பு வில்லைக்குள் வார்க்கப்பட்டிருக்கின்றன. அது செத்தால் மேல்பூச்சைச் சுரண்டி, தலைமுடி போன்ற கம்பிகளைச் சோதனைப் புள்ளிகளில் ஒட்டித்தான் படிக்க வேண்டும். செலவும் அதிகம், கிடைக்கும் என்ற நிச்சயமும் இல்லை. தம்பி தனிச் சிப்பாக வைப்பது அந்த வகையில் நல்லது. எட்டுக் கால் சிப்பை எப்போது வேண்டுமானாலும் கழற்றிப் படித்துக்கொள்ளலாம்.

தாமிரத்தடம் எழுதியது:

போர்டு பற்றி நான் சொல்கிறேன். சிலர் செலவைக் குறைக்க பிளக்கே வாங்காமல் போர்டின் நுனியையே யூஎஸ்பி நாக்காக வெட்டிவிடுகிறார்கள். வழக்கமான 1.6 மி.மீ. போர்டு துளைக்குள் தளர்வாக ஆடும், தகடு விட்டு விட்டுத் தொடும். அந்த வழியில் போவதென்றால் 2 மி.மீ.க்கு மேல் தடிப்பான போர்டு கேட்க வேண்டும், தகடுகளில் தங்கப் பூச்சும் வேண்டும். பழைய சிப் சார் சொன்னபடி காலுள்ள உலோக பிளக்கே போடுங்கள். டைப் ஏ பிளக்குக்குத் தரம் கேட்பது குறைந்தது 1,500 முறை செருகிக் கழற்றுவது. உங்கள் உபயோகத்துக்கு அது பல ஆண்டு வரும்.

டேட்டா கம்பிகள் இரண்டும் பக்கத்திலேயே, ஒரே நீளத்தில், கீழே முழு கிரவுண்டோடு போகட்டும். இரண்டுக்கும் சேர்த்து 90 ஓம் மின்மறுப்பு (இம்பிடன்ஸ்) என்பது இலக்கு. ஃபுல் ஸ்பீடில் 2 செ.மீ. தூரத்துக்கு அது கொஞ்சம் பிசகினாலும் ஓடிவிடும், ஆனால் பழக்கத்துக்காகவாவது சரியாகப் போடுங்கள். ஆர்பி2040க்கு இரண்டு கம்பியிலும் 27 ஓம் தொடர் மின்தடை வேண்டும், சிப்புக்கு ஒட்டி. டிரைவ் செருகப்பட்டதைக் கம்ப்யூட்டருக்குக் காட்டும் டி பிளஸ் கம்பியின் புல்அப் மின்தடை சிப்புக்குள்ளேயே இருப்பதால் தனியாக வேண்டாம். புளூ பில் என்று விற்கும் எஸ்டிஎம்32 போர்டுகள் பலவற்றில் 1.5 கே இருக்க வேண்டிய அந்த இடத்தில் 10 கே போட்டு வருவதால்தான் சில கம்ப்யூட்டர்களில் அவை தெரிவதே இல்லை.

பிளக்கை ஒட்டி ஒரு ஈஎஸ்டி (நிலைமின் அதிர்ச்சி) காப்புச் சிப், யூஎஸ்பிஎல்சி6-2 போன்றது. பாலியஸ்டர் சட்டைப் பையிலிருந்து எடுத்துச் செருகும் பொருள் இது, அதை விட்டுவிடக் கூடாது.

5 வோல்ட் பக்கம் கெப்பாசிட்டர் 10 மைக்ரோஃபாரட் வரைதான் யூஎஸ்பி விதி அனுமதிக்கிறது. அதைத் தாண்டினால் செருகும் நொடியில் இழுக்கும் மின்னோட்டத்தில் ஹோஸ்டின் மின்னழுத்தம் சரியும். 10 வைத்தால் எவ்வளவு நேரம் தாங்கும்? 30 மில்லிஆம்பியர் இழுப்பு, 5லிருந்து 3.5 வோல்ட் வரை இறங்கலாம் என்றால் அரை மில்லிசெகண்ட். வழக்கமான பக்க எழுத்து 0.25, அது முடிந்துவிடும். ஆனால் டேட்டாஷீட்டில் அதிகபட்சம் 0.7 என்று இருக்கிறது. எனவே கெப்பாசிட்டரை நம்பி வடிவமைக்காதீர்கள், பாதி எழுதிய பக்கத்தை ஃபர்ம்வேர் அடையாளம் கண்டு ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.

ஆர்பி2040 கால்களுக்கு இடையே 0.4 மி.மீ. இடைவெளிதான், அடியில் கிரவுண்ட் தகடும் உண்டு. சாதா சால்டரிங் அயர்னில் வராது. ஸ்டென்சில் வைத்துப் பேஸ்ட் போட்டு ஹாட் பிளேட்டில் வையுங்கள். முதல் மாதிரிக்கு ஆர்பி2040 வைத்த சிறு மாட்யூலையே வாங்கி அதனோடு நாண்டை இணைத்து ஃபர்ம்வேரை முடியுங்கள், போர்டு அதன் பிறகு.

செந்தூல்வாசி எழுதியது:

இப்படிப்பட்ட டிரைவ் விலைக்கே கிடைக்கிறதே, கங்குரு நிறுவனம் எழுத்துப் பூட்டு சுவிட்சோடு விற்கிறது. ஆனாலும் செய்து பார்ப்பதை நான் ஆதரிக்கிறேன். பென்டிரைவின் கண்ட்ரோலரை ஒரே சிப்பில் அடக்கும் வேலையில் முன்னோடி எங்கள் மலேசியாவில் சிலாங்கூர் சேகிஞ்சானில் பிறந்த புவா கெயின் செங். தைவானில் படித்து, 2000இல் நண்பர்களோடு ஃபைசன் என்ற கண்ட்ரோலர் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று அந்தக் கண்ட்ரோலர்கள் உலகமெங்கும் ஓடுகின்றன.

பென்டிரைவை முதலில் செய்தது யார் என்பதில் வழக்கே நடந்தது. இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் 1999 ஏப்ரலில் காப்புரிமைக்கு மனு போட்டது. சிங்கப்பூரின் ட்ரெக் 2000இன் தொடக்கத்தில் ஹனோவர் சீபிட் கண்காட்சியில் தம்ப்டிரைவைக் காட்டியது. சீனாவின் நெடாக்கும் உரிமை கோரியது. சிங்கப்பூர் நீதிமன்றம் ட்ரெக் பக்கம் நின்றது. 2000 இறுதியில் ஐபிஎம் பெயரில் விற்பனைக்கு வந்த எம்-சிஸ்டம்ஸ் டிரைவின் கொள்ளளவு 8 எம்பி. தம்பியின் 128 எம்பி அதற்குப் பதினாறு மடங்கு.

மாடக்குளம் எழுதியது:

அருமையான தகவல், நன்றி. தாமிரத்தடம் அக்கா சொன்னபடி மாட்யூலில் தொடங்குகிறேன். சுவிட்ச் கேள்விக்கு மட்டும் பதில் பாக்கி இருக்கிறது. எஸ்டி கார்டின் ஓரத்தில் இருப்பது போல ஒன்று வைத்தால் போதுமா?

ஈயப்புகை எழுதியது:

எஸ்டி கார்டின் பூட்டு, கார்டுக்குள் எதையும் தொடுவதில்லை. அது வெறும் பிளாஸ்டிக் துண்டு. ரீடர் அதன் இருப்பிடத்தைப் பார்த்துத் தானாக மதித்தால் உண்டு, மதிக்காத ரீடர் எழுதிவிடும். நமக்கு வேண்டியது அது இல்லை. முடிவெடுக்கும் இடம் டிரைவுக்குள் இருக்க வேண்டும். மூன்று அடுக்காகச் செய்யுங்கள்.

ஹோஸ்ட் 'மோட் சென்ஸ்' என்ற கட்டளையால் டிரைவின் நிலையைக் கேட்கும்போது பதிலில் எழுத்துத் தடை பிட்டை 1 ஆக வையுங்கள். டைனியூஎஸ்பியில் எழுதலாமா என்று கேட்கும் கால்பேக் (லைப்ரரி கூப்பிட நாம் எழுதித் தரும் ஃபங்ஷன்) ஒன்று உண்டு, அதில் சுவிட்சின் நிலையைத் திருப்பினால் போதும். விண்டோஸ் இதைப் பார்த்துத்தான் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லும். இது மரியாதைக்கான அடுக்கு.

அதையும் மீறி 'ரைட் 10' கட்டளை வந்தால் டேட்டாவைத் தொடாமல் சென்ஸ் கீ 7 ('எழுதத் தடை' என்ற பிழை எண்) கொடுத்து மறுத்துவிடுங்கள். இது காவல் அடுக்கு.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. டபிள்யூ25என்01 மின்சாரம் வந்தவுடன் எல்லா பிளாக்கும் பூட்டிய நிலையில்தான் எழுந்திருக்கும். ஃபர்ம்வேர் போய்ப் பாதுகாப்பு ரெஜிஸ்டரைத் திறந்தால்தான் எழுத முடியும். செருகும் நேரத்தில் சுவிட்ச் பூட்டில் இருந்தால் அந்தத் திறக்கும் கட்டளையையே அனுப்பாதீர்கள். அதன் பிறகு உங்கள் கோடில் வேறெங்காவது பிழை இருந்தாலும் சிப் தானாக எழுத்தை மறுக்கும். நடுவில் சுவிட்சைத் தள்ளினால் திறக்கக் கூடாது, கழற்றிச் செருகினால்தான் திறக்க வேண்டும். விண்டோஸும் செருகும்போது கேட்ட நிலையையே நினைவில் வைத்திருக்கும், நடுவில் மாற்றினால் குழம்பும்.

பூட்டிய நிலையில் தாராவும் குப்பை கூட்டக் கிளம்பாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் எழுத்துதான்.

பழைய சிப் எழுதியது:

ஃபர்ம்வேரையே மாற்றிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். 2014இல் பிளாக் ஹாட் மாநாட்டில் கார்ஸ்டன் நோல், யாகோப் லெல் இருவரும் பேட்யூஎஸ்பி என்று காட்டியது இதைத்தான். சாதாரணப் பென்டிரைவின் கண்ட்ரோலர் ஃபர்ம்வேரை யூஎஸ்பி வழியாகவே மாற்றி, அதைக் கீபோர்டாக நடிக்க வைத்தார்கள்.

ஈயப்புகை எழுதியது:

சரியான இடத்தைத் தொட்டீர்கள். ஆர்பி2040 துவங்கும்போது ஃபர்ம்வேர் ஃபிளாஷின் சிப் செலக்ட் கம்பியைக் கீழே இழுத்தால், புது ஃபர்ம்வேரை ஏற்றும் பூட்லோடருக்குப் போகும். அந்தப் பட்டனை உறைக்கு வெளியே வைக்காதீர்கள், போர்டில் இரண்டு சோதனைப் புள்ளிகளாக விட்டுவிடுங்கள். யூஎஸ்பி வழியாக ரீசெட் செய்யும் வசதியை பில்டில் நிறுத்திவிடுங்கள். அப்படிச் செய்தால் கடைக் கம்ப்யூட்டரிலிருந்து ஃபர்ம்வேரைத் தொட வழி இருக்காது. ஆனால் உறையைத் திறந்து கை வைப்பவரை இந்தச் சிப் தடுக்காது, கையொப்பம் சரிபார்த்துத் துவங்கும் வசதி இதில் இல்லை. அது வேண்டுமென்றால் இதன் அடுத்த தலைமுறைச் சிப்பான ஆர்பி2350 பக்கம் போக வேண்டும்.

மாடக்குளம் எழுதியது:

மாட்யூல், நாண்ட், ஒரு ஸ்லைடு சுவிட்ச் என்று மேசை மேல் ஓடுகிறது. கெட்ட பிளாக் அடையாளங்களை முதலில் படித்து வைத்துவிட்டேன். மின்வெட்டுச் சோதனைக்கு 5 வோல்ட் கம்பியில் ஒரு ரிலே வைத்து, லேப்டாப்பிலிருந்து கோப்புகள் எழுதப்படும்போதே நேரம் கெட்ட நேரத்தில் அதை வெட்டும்படி ஸ்கிரிப்ட் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் பழைய கோப்புகள் அத்தனையின் ஹாஷும் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்) பொருந்தியது. வெட்டும்போது எழுதிக்கொண்டிருந்த கோப்பு மட்டும் சில சமயம் பாதியில் நிற்கிறது, விண்டோஸ் 'ஸ்கேன் செய்து சரிசெய்யவா' என்று கேட்கிறது. இதையும் எஃப்டிஎல் மட்டத்தில் தீர்க்க முடியுமா?

கோண்டாவில் எழுதியது:

ஏலாது, அது எஃப்டிஎல்லின்ர வேலையும் இல்லை. எஃப்டிஎல் பொறுப்பெடுக்கிறது செக்டாருக்குத்தான். ஒரு கோப்பை எழுத ஃபாட் அட்டவணை, டைரக்டரி, டேட்டா எண்டு மூண்டு இடம் மாறோணும். அதுக்கு நடுவில வெட்டினால் ஃபாட்டுக்கு ஜர்னல் (மாற்றங்களை முதலே குறிச்சு வைக்கிற பதிவு) இல்லாததால அப்பிடித்தான் நிக்கும். கடைக்குக் கொண்டு போகேக்க பூட்டித்தானே கொண்டு போறீங்கள், அங்க இந்தப் பிரச்சினை வராது. வீட்டில எழுதேக்க எல்இடி நிக்கும் மட்டும் பொறுங்கோ. பழைய கோப்பு ஒண்டும் போகேல்லை எண்டதுதான் நல்ல செய்தி.

தாமிரத்தடம் எழுதியது:

நன்றாக வந்திருக்கிறது தம்பி. உறைக்குப் பிஎல்ஏ பிளாஸ்டிக் வேண்டாம், 60 டிகிரியை ஒட்டி இளகும். வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டிக்குள் கோணிவிடும். பிஇடிஜி போடுங்கள். சுவிட்சை உறையின் மட்டத்துக்குக் கீழே, நகம் வைத்துத் தள்ளும்படி அமைத்தால் பைக்குள் உரசித் தானாக நகராது. வெளியே கோப்பைப் பகிர்வதாக இருந்தால் யாருடைய விஐடியையும் (யூஎஸ்பி தயாரிப்பாளர் எண்) எடுத்துப் போடாதீர்கள். திறந்த மூலத் திட்டங்களுக்கு 1209 என்ற விஐடியின் கீழ் இலவசமாக எண் தரும் பிட் டாட் கோட்ஸ் இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

வாசகி எழுதியது:

இழை முழுவதும் படித்தேன். எனக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாது, ஒரே ஒரு சந்தேகம். பூட்டிய டிரைவில் இருக்கும் வேர்டு கோப்பைக் கடையில் திறக்க முடியுமா? வேர்டு பக்கத்திலேயே ஏதோ தற்காலிகக் கோப்பு எழுதுமே?

மாடக்குளம் எழுதியது:

முடியும் சகோதரி, சோதித்துப் பார்த்தேன். அந்தச் சிறு கோப்பை எழுத முடியாததால் வேர்டு 'படிக்க மட்டும்' என்று திறக்கிறது, பிரிண்ட் வழக்கம்போலப் போகிறது. கடையில் ஏதாவது திருத்த வேண்டி வந்தால் மட்டும் அவர்களுடைய டெஸ்க்டாப்பில் சேமித்துப் பிரிண்ட் எடுத்துவிட்டு அழிக்கச் சொல்ல வேண்டும். தமிழ் எழுத்துரு கடையில் இல்லாமல் கட்டம் கட்டமாக வருவதும் உண்டு. அதனால் வீட்டிலேயே பிடிஎஃப் ஆக்கி எடுத்துப் போங்கள். போர்டு கோப்புகளை அடுத்த வாரம் இங்கேயே இணைக்கிறேன்.